தாத்தாவின் மடக்குக் கத்தியும் சுங்கத்துறையின் கடிதமும்

38 வயதான வாசகர் ஒருவர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் வசிக்கும் நாட்டையும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். கணக்குத் துறையில் பணிபுரியும் இவருக்கு, சென்ற ஆண்டு காலமான தாத்தாவின் பெட்டியிலிருந்து இரண்டு அலகுகள் கொண்ட பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. ஆமையோட்டைப் போலப் பழுப்பும் மஞ்சளும் கலந்த பிடி. அலகில் படிந்திருந்த கருமையைத் துரு என்று எண்ணி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். அந்த ஒரு கத்தியில் தொடங்கிய ஆசை ஏழு மாதங்களில் 14 கத்திகளாகப் பெருகிவிட்டது. அவற்றுள் மூன்று, வரிவரியான அலகுக்குப் பெயர்பெற்ற 'டமாஸ்கஸ்' என்றும், ஒன்று, பிரெஞ்சுக் கத்தி வகையான 'லாயோல்' என்றும் சொல்லி விற்கப்பட்டவை. அடுத்ததாக, பொத்தானை அழுத்தினால் சுருள்வில்லின் விசையால் திறந்துகொள்ளும் கத்தி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, சுங்கத்துறை அதை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

தான் ஒரு சேகரிப்பாளர், எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, காரில் எப்போதும் வைத்திருக்கும் கத்தியும் சிறியதுதான், ஆகவே சட்டப்படி தவறில்லை என்பது அவருடைய எண்ணம். ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இத்தனை கத்திகள் எதற்கு என்று மனைவி கேட்டதால், அவரிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் அலுவலக மேசை இழுப்பறைக்கு மாற்றிவிட்டார். எண்ணெய் பூசி வைத்தும் புதிய கத்திகளில் துரு பிடிக்கிறது, காற்றின் ஈரப்பதம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார். தாத்தாவின் கத்தியைக் கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாசனை வருவதாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். என்னைக் கைது செய்வார்களா, இது நல்ல முதலீடுதானா, தொடர்வதென்றால் முறையாகத் தொடங்குவது எப்படி என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

கத்தி சேகரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழக்கறிஞர் தொழிலுக்கு வெளியே நானும் 20 ஆண்டுகளுக்கு மேலாக மடக்குக் கத்திகளைச் சேர்த்து வருகிறேன். அதனால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. நீங்கள் எந்த வேகத்தில் வாங்கினீர்கள் என்பதும் புரிகிறது, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்களுக்கு நேர்ந்திருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை கத்தியால் வந்தவை அல்ல; கையில் இருப்பதை அறிந்துகொள்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கியதால் வந்தவை. அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன்.

சுங்கத்துறையின் கடிதம்

அந்தக் கடிதத்தில் பதில் தருவதற்கான கெடு குறிப்பிடப்பட்டிருக்கும். அதைத் தவறவிடாதீர்கள், பயத்தில் பதில் எழுதாமல் இருப்பது உங்களுக்கு எதிராகவே திரும்பும். தெரியாமல் வரவழைத்த ஒற்றைக் கத்திக்கு, அந்தப் பொருளைப் பறிமுதல் செய்வதோடோ அபராதம் விதிப்பதோடோ பல நாடுகளில் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் அதிகாரியின் முடிவையும் பொறுத்தது என்பதால் உங்களுக்கு நான் உறுதி கூற முடியாது. கடிதத்தின் நகல், வாங்கிய ரசீது, விற்பனையாளரின் விளம்பரப் பக்கம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டில் சுங்க வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே சந்தியுங்கள். பொருளின் மீதான உரிமையை விட்டுக்கொடுப்பதா, எதிர்த்து முறையிடுவதா என்பதை அவர் சொல்வார். தடைசெய்யப்பட்ட வகை என்றால் விட்டுக்கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பொட்டலத்தின் மேல் விற்பனையாளர் 'சமையலறைக் கருவி' என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படி எழுதச் சொன்னது நீங்கள் இல்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவேளை நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால், அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் இறக்குமதிக்குப் பொறுப்பு, பொருளைப் பெறுபவரையே சாரும். பொய்யான விவரக் குறிப்பு, கத்தியைவிடப் பெரிய குற்றமாகிவிடக்கூடும்.

வைத்திருப்பது வேறு, எடுத்துச் செல்வது வேறு

கத்தியைப் பற்றிச் சட்டம் கேட்கும் கேள்விகள் மூன்று. இந்த வகைக் கத்தியை நீங்கள் வைத்திருக்கலாமா? அதை வாங்கவோ விற்கவோ எல்லை தாண்டிக் கொண்டுவரவோ செய்யலாமா? பொது இடத்தில் கைவசம் வைத்துக்கொண்டு நடமாடலாமா? ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் அதுவே பதில் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் பார்த்த வழக்குகளில் அடிக்கடி இடம்பெறும் தவறு இது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் இன்றிப் பொது இடத்தில் கூரான அலகுள்ள பொருளை வைத்திருப்பது குற்றம். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்போகாத மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த விலக்குக்குள் வராது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பொத்தானை அழுத்தித் திறக்கும் கத்தியைப் பொறுத்தவரை, 2021 ஜூலை முதல் அங்கே அதை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியில், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம், தக்க தேவை இல்லாமல் வெளியில் எடுத்துச் செல்லக் கூடாது. 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நிலையான அலகுக்கும் இதே கட்டுப்பாடு. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் விசைக் கத்திகளின் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்தைவிட நீண்டதா, 2 அங்குலத்தைவிட அகன்றதா என்று பார்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றை அந்த வகையிலிருந்து விலக்கி வைக்கின்றன. ஒரே கத்தி எல்லை தாண்டினால் வேறு பொருளாகிவிடுகிறது என்பதைக் காட்டத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

காரில் இருக்கும் கத்தியை இன்றே வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். காரின் இழுப்பறையும் பல நாடுகளில் பொது இடத்தில் கைவசம் வைத்திருப்பதாகவே கருதப்படும். ரசீது, பொருள் உங்களுடையது என்பதைத்தான் காட்டும். அது அந்த இடத்தில் அந்த நேரத்தில் எதற்காக இருந்தது என்பதைக் காட்டாது. 'நான் சேகரிப்பாளர்' என்ற பதில், கண்காட்சிக்குப் போகும் வழியிலோ சாணைக்குக் கொடுத்துத் திரும்பும் வழியிலோ பொருந்தும். என் கட்சிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குக் கொண்டுபோன கத்தியைப் பின்னிருக்கையிலேயே மறந்துவிட்டு, வியாழக்கிழமை இரவு வாகனச் சோதனையில் சிக்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த காரணம் வியாழக்கிழமைக்கு இல்லாமல் போயிற்று. இனி எடுத்துச் செல்ல நேர்ந்தால், பூட்டிய பெட்டியில், கைக்கு எட்டாதபடி பின்பக்கச் சாமான் அறையில் வைத்துக்கொண்டு, போகும் இடத்துக்கு நேராகப் போய்த் திரும்புங்கள்.

அலுவலக இழுப்பறை இதைவிட மோசம். அந்தக் கட்டடம் உங்களுடையது அன்று, அங்கே உங்கள் நிறுவனத்தின் விதிகள் செல்லும், இழுப்பறையை யாரும் திறந்து பார்க்கலாம். 14 கத்திகளைப் பணியிடத்தில் ஒளித்து வைத்திருந்தவர் என்ற விவரிப்பு எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கற்பூர வாசனை

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தடயம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான். ஆமையோட்டைப் போன்ற நிறமும் கற்பூர வாசனையும் சேர்ந்து வந்தால், அந்தப் பிடி அநேகமாக செல்லுலாய்டு என்னும் ஆரம்பகால பிளாஸ்டிக். செல்லுலோஸ் நைட்ரேட்டுடன் கற்பூரம் கலந்து செய்யப்பட்ட அந்தப் பொருள், தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் மாற்றாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கத்திப் பிடிகளில் ஏராளமாகப் பயன்பட்டது. வயதாக ஆக அது சிதையத் தொடங்கி நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடுகிறது; காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகின்றன. பக்கத்திலிருக்கும் உருக்கையும் பித்தளையையும் அந்த அமிலம் அரிக்கும். உங்கள் புதிய கத்திகளில் துருப்பிடிப்பதற்கு ஈரப்பதத்தை மட்டும் குறைசொல்வது சரியாக இருக்காது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒன்பது கத்திகளை மரப்பெட்டி ஒன்றில் வெல்வெட் துணி விரித்து வரிசையாக அடுக்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் திறக்காமல் விட்டிருந்தேன். திறந்தபோது மூக்கை அரிக்கும் நெடி. மஞ்சள் பிடியுடைய கத்தியின் பித்தளை விளிம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதற்கு வலப்புறமும் இடப்புறமும் இருந்த அலகுகளில் ஊசிமுனை அளவில் செம்பொட்டுகள். பெட்டியின் மறுகோடியில் இருந்தவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தப் பொட்டுகள் குழிகளாகி இன்றும் இருக்கின்றன.

ஆகவே தாத்தாவின் கத்தியைத் தனியாக, குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாயு உள்ளேயே தேங்கிச் சிதைவை விரைவுபடுத்தும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால், சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்லும் அறிவுரை எங்கேனும் கண்ணில் பட்டால் அதைச் செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிடியில் மயிரிழை போன்ற வெடிப்புகளோ, வழக்கத்துக்கு மாறான நெடியோ தெரிந்தால், பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு மூன்று சொற்கள் போதும். தோலுறைக்குள் அலகை நீண்டநாள் வைக்காதீர்கள். தோலைப் பதனிடும்போது சேரும் உப்பும் அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் உருக்கைக் கெடுக்கும். தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், ஆகவே கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். கையால் தொட்ட அலகைத் துடைத்துவிட்டே உள்ளே வையுங்கள்.

உப்புத்தாளால் தேய்த்தது பற்றி உங்களுக்குக் குற்ற உணர்வு இருக்கிறது. நீங்கள் நீக்கிய கருமை துரு அன்று. சாதாரணக் கரிம உருக்கில் பல ஆண்டுப் பயன்பாட்டால் படியும் நிலையான படலம் அது. செந்துருவைப் போல உதிர்ந்து உள்ளே அரிக்காமல், ஓரளவு காப்பாகவும் இருக்கும். பழங்கத்தியை மதிப்பிடுபவர்கள் அந்தப் படலத்தையும், அலகின் அடியில் பொறித்த முத்திரையின் கூர்மையையும்தான் முதலில் பார்ப்பார்கள். போனது போகட்டும், கத்தியைப் பயன்படுத்தினால் அது மெல்ல மீண்டும் படியும். மேற்கொண்டு தேய்க்காமல் இருந்தால் முத்திரையாவது மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்குவது

வாங்குவதை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவிட்டு, கையிலுள்ள 14 கத்திகளையும் படியுங்கள் என்பதே என் முதல் யோசனை. ஒரு நோட்டில் கத்திக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, அலகின் நீளம், உருக்கின் வகை, திறக்கும் முறை, பூட்டும் முறை, முத்திரையின் படம். இந்த நோட்டு சேகரிப்பாளரின் முதல் கருவி. பிரச்சினை வந்தால் உங்கள் வழக்கறிஞர் கேட்கும் முதல் ஆவணமும் அதுவே.

முத்திரையைப் படிக்கப் பழகினால் கத்தி தன் வயதைத் தானே சொல்லும். 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தால் அது 1913க்கு முந்தையதாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த ஆண்டில்தான் துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கினார். ஸ்விஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் பெயரிலேயே, துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்தது 1921இல். அமெரிக்காவின் 'கேஸ்' என்ற கத்தி நிறுவனம் 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் குறைத்துக்கொண்டே வந்தது. ஏழு புள்ளிகள் இருந்தால் 1973. முத்திரையோடு அலகின் உருவையும் பாருங்கள். பலமுறை சாணை பிடித்த அலகு மெலிந்து, மடக்கும்போது முனை பிடிக்குள் ஆழமாகப் புதைந்துவிடும். 'பயன்படுத்தாதது' என்று விற்பவரின் சொல்லை அதுவே பொய்யாக்கிவிடும்.

உங்கள் 'லாயோல்' கத்தி பிரான்சில் செய்யப்பட்டது என்பதற்குப் பெயர் மட்டுமே சான்றாகாது. அந்தக் கத்தி வடிவம் பிறந்த கிராமத்தின் பெயர் அது. பல நாடுகளில் செய்யப்படும் கத்திகளும் அதே பெயரையும் தேனீச் சின்னத்தையும் தாங்கி வருகின்றன. மாறாக, சோலிங்கன் என்ற ஊர்ப்பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எல்லா ஊர்ப்பெயர்களுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

'டமாஸ்கஸ்' என்ற சொல்லில் நம் மொழிக்காரர்களுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கான உருக்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எனப்படும் மண்கலத்தில் உருக்கி எடுக்கப்பட்டது. மேலை நாட்டார் 'வூட்ஸ்' என்று அழைத்தது அதைத்தான். ஆனால் இன்று அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வேறு பொருள். இரண்டு வகை உருக்குப் பட்டைகளை அடுக்கி, உலையில் பற்றவைத்து, மடித்து அடித்து, அமிலத்தில் நனைத்து வரிகளை எழுப்புகிறார்கள். நிக்கல் கலந்த அடுக்கு வெளுப்பாக நிற்க, மற்றது கறுக்கும். அமெரிக்கக் கொல்லர் வில்லியம் மோரன் 1973இல் இப்படிச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் இந்தக் கலை அங்கே புத்துயிர் பெற்றது. இது நேர்மையான, அழகான வேலை. கவலைக்குரியது, சாதாரண உருக்கின் மேற்பரப்பில் வரிகளை மட்டும் பொறித்து விற்பது. உங்கள் மூன்று கத்திகளையும் வெளிச்சத்தில் பிடித்து அலகின் முதுகைப் பாருங்கள். பக்கவாட்டில் தெரியும் வரி முதுகின் மேல் தொடர்ந்து மறுபக்கம் இறங்க வேண்டும். முதுகு வழவழப்பாக, வரியின்றி இருந்தால் சந்தேகப்படுங்கள். வரி உண்மையாகவே இருந்தாலும், துவைச்சல், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துப் பதமேற்றுவது, சரியில்லாத அலகு நல்ல கத்தி ஆகாது.

அடுத்து ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கத்தி எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் பின்தொடர்ந்தாலே ஐந்தாறு கத்திகளில் ஒரு வரலாறு கிடைக்கும்: பூட்டே இல்லாமல் கட்டைவிரல் அழுத்தத்தில் நிற்கும் ஜப்பானிய ஹிகோனோகாமி, வளையத்தைத் திருப்பிப் பூட்டும் பிரெஞ்சு ஓப்பினெல் (அந்த வளையம் வந்தது 1955இல்), முதுகில் பூட்டுள்ள அமெரிக்க பக் 110 (1964), அதன்பின் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர் வடிவமைத்த, உட்தகடே நகர்ந்து தாங்கும் பூட்டு. ஆனால் இவற்றுள் பலவற்றை வெளியில் எடுத்துச் செல்லப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால், உங்களுக்கு நான் இதைவிட எளிய வழியைத்தான் சொல்வேன். தாத்தாவின் கத்தியைப் போல, பூட்டில்லாமல், பிடியின் முதுகிலுள்ள வில்லின் அழுத்தத்தில் நிற்கும் இரட்டை அலகுக் கத்திகளை மட்டும் சேருங்கள். பெரும்பாலான நாடுகளில் சட்டச் சிக்கல் குறைந்த வகையும் இதுதான்.

தந்தம், ஆமையோடு, காட்டு விலங்கின் கொம்பு ஆகியவற்றாலான பிடியுள்ள கத்தியை, ஆவணம் இன்றி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் முடிவுசெய்யப்பட்ட தடை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. உள்நாட்டுச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

முதலீடு என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் புதிய கத்தி, பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே விலை குறையும். மதிப்பு ஏறும் சிலவற்றை அடையாளம் காணப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி

'இத்தனை கத்தி எதற்கு' என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. கத்திகளைக் கண்ணிலிருந்து மறைத்தீர்கள். நாளை அலுவலகத்திலிருந்தோ சுங்கத்துறையிலிருந்தோ செய்தி அவருக்குப் போனால், கத்தியைப் பற்றிய பயம் உங்களைப் பற்றிய பயமாக மாறிவிடும். கடிதம் வந்ததை இன்று நீங்களே சொல்லுங்கள். உறுதியான, சாவியால் பூட்டும் இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்குமாறு அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். மாதம் எவ்வளவு செலவழிப்பது என்பதையும் அவர் அறிய வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை ஆர்வமாகக் கேட்டால் உங்கள் கையில் வைத்தே காட்டலாம். தானே எடுத்துப் பார்க்கும் வாய்ப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வீட்டில் யாருக்கேனும் அடங்காத கோபமோ, தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணமோ இருந்தால், அது சரியாகும்வரை சேகரிப்பு அந்த வீட்டில் இருக்கக்கூடாது. நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ வங்கிப் பெட்டகத்திலோ வைக்க உங்கள் நாட்டுச் சட்டமும் வங்கியின் விதியும் இடம்தருகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். மனநல மருத்துவரின் உதவியையும் நாடுங்கள்.

அலுவலகத்திலிருந்து கத்திகளை வீட்டுக்குக் கொண்டுவருவதை ஒரே நடையில், பூட்டிய பெட்டியில், வழியில் எங்கும் நிற்காமல் செய்துமுடியுங்கள். புறப்படுமுன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. வந்தபின், தாத்தாவின் கத்தியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பெரிய அலகின் அடியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். தேய்ந்துபோன எழுத்துகளைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தக் கத்தியால் தாத்தா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். அவரிடம் கேட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.